பனி நாளில்தான் பழக்குங்கள்: ரொறன்ரோவில் கார் பழக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழில் கார் பழக்கும் பயிற்சியாளர்களுக்கும், பயிற்சிப் பள்ளிகளை நடத்துவோருக்கும்,

"ஸ்னோ விழும் நாட்களில் வகுப்பு இல்லை. ஹைவே வகுப்புகள் இனி ஏப்ரலில்." நவம்பர் தொடக்கத்தில் உங்களில் ஒருவர் தம்மிடம் பழகும் எல்லோருக்கும் அனுப்பிய செய்தி இது. என் தங்கையின் மகளுக்கும் வந்தது. தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். வேறு பலரும் இதையே செய்கிறார்கள், செய்தி அனுப்புவதில்லை, அவ்வளவுதான். காலையில் பனி விழுந்திருந்தால் தொலைபேசி எடுத்து "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை, வாற கிழமை பாப்பம்" என்று சொல்லிவிடுவார்கள். ஒருவருடைய தனிப் பழக்கமாக இருந்தால் அவரிடமே நேரில் பேசியிருப்பேன். உங்கள் தொழிலின் வழமையாகவே ஆகிவிட்டது என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். ரயர், பிறேக், சஸ்பென்ஷன் ஆகியவைதான் பெரும்பாலும் என் கைக்கு வருபவை. உங்களிடம் பழகிச் சித்தியடைந்தவர்கள் அதற்குப் பிறகு வருவது என்னிடம். அவர்கள் எதைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள், எதைக் கற்காமல் வருகிறார்கள் என்பது உங்களைவிட எனக்குத்தான் அதிகம் தெரியவரும். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

முதல் பனி விழுந்த வாரத்தில் எங்களிடம் வரும் கார்கள் ஒரே அச்சில் வார்த்தவை. வலது முன்சக்கரத்தின் றிம் வளைந்திருக்கும். அதைத் தாங்கும் கொன்றோல் ஆம் நெளிந்திருக்கும். ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்தாலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். சந்தியில் நிறுத்த முடியாமல் வழுக்கிப் போய் நடைபாதை விளிம்புக்கட்டில் ஏறியிருக்கிறார்கள் என்று கேட்காமலே தெரியும். யாருக்கும் காயமில்லை, வேறு காரில் படவில்லை, ஆகவே பொலிசுக்குப் போகாது. பிரீமியம் கூடிவிடும் என்ற பயத்தில் இன்சூரன்சுக்கும் சொல்ல மாட்டார்கள். கையில் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எந்த விபத்துக் கணக்கிலும் இவை ஏறுவதில்லை. எங்கள் கராஜ் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கின்றன.

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோர் தனியாக ஓட்ட அனுமதிக்கும் ஜி2 லைசன்ஸ் எடுத்து முதற் பனிக்காலத்தைக் காண்பவர்கள். அவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட ஒரே கதைதான்: "அண்ணை, பிறேக் பழுதுபோல. மிதிக்கக் காலுக்குக் கீழ கடகடவெண்டு உதறிச்சுது. பயந்துபோய்க் காலை எடுத்திட்டன்."

காரை உயர்த்திப் பார்ப்பேன். பிறேக்கில் ஒரு குறையும் இருக்காது. அந்த உதறல்தான் ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கப் போகிறது என்று உணரிகள் சொன்னதும், பிறேக் அழுத்தத்தை ஒரு விநாடிக்குள் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏற்பாடு அது. பூட்டிய சக்கரம் ஸ்ரியரிங்குக்குக் கட்டுப்படாது, கார் போகிற திசையிலேயே சறுக்கும். சக்கரம் உருண்டுகொண்டிருந்தால்தான் பிறேக்கை மிதித்தபடியே ஓரமாக விலக்க முடியும். ஆழமான இளகிய பனியில் ஏபிஎஸ் உள்ள கார் நிற்க இன்னும் கொஞ்சத் தூரம் எடுக்கக்கூடும், ஆனால் திருப்பும் வல்லமையை அது விட்டுக்கொடுக்காது. ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உறுதியாக மிதித்து, உதறினாலும் காலை எடுக்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திருப்புவது. அவர்களோ சரியாக அந்தக் கணத்தில் காலை எடுத்துவிடுகிறார்கள். ஏனென்றால் அந்த உதறலை வாழ்க்கையில் முதற்தடவையாகக் காலில் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

வாயால் சொல்லிப் புரியவைக்கக்கூடிய விஷயம் இல்லை இது. பனி படிந்த வெற்றுத் தரிப்பிடத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் போய் ஒரு தடவை முழுப் பலத்தோடு மிதிக்க வைத்தால் போதும், மூன்று நிமிட வேலை. ஜூலையில் இதைச் செய்ய முடியாது. காய்ந்த தாரில் ரயர் பிடித்துக்கொள்ளும், கார் நின்றுவிடும், மாணவர் புன்னகைப்பார். பனி விழுந்த நாளில்தான் முடியும். அந்த நாளில்தான் நீங்கள் வகுப்பை நிறுத்துகிறீர்கள்.

இனி நாட்காட்டியைப் பாருங்கள். 1994 முதல் ஒன்ராறியோவில் படிமுறை லைசன்ஸ் நடைமுறை இருக்கிறது. ஜி1 என்ற பழகுநர் லைசன்ஸ் எடுத்தவர் ஜி2 சோதனைக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் பள்ளியில் படித்திருந்தால் 8 மாதம். உங்களிடம் மாணவர்கள் வருவதற்குப் பாதிக் காரணம் அந்த நான்கு மாதக் கழிவு, மீதிப் பாதி இன்சூரன்ஸ் கழிவு. குளிர் குறையும் மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஜி1 எழுதுகிறவர்களுக்கு எட்டு மாதம் எப்போது முடிகிறது? நவம்பரில், டிசம்பரில். வெயிலில் பழகி, இலையுதிர்காலத்தில் மெருகேற்றி, முதற்பனி விழும் வாரத்தில் தனியாக வீதிக்கு அனுப்புகிறோம். வேண்டுமென்றே திட்டமிட்டாலும் இவ்வளவு பொருத்தமாகப் பிசகாது.

நெடுஞ்சாலை விஷயம் இதைவிட மோசம். ஜி1 வைத்திருப்பவர் 400, 401 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளிலும் டிவிபி, கார்டினர், கியூஈடபிள்யூ போன்ற விரைவுச் சாலைகளிலும் ஓட்டக்கூடாது. பக்கத்தில் இருபது வருட அனுபவமுள்ள தகப்பன் இருந்தாலும் கூடாது. சட்டம் ஒரேயொருவருக்குத்தான் விலக்குக் கொடுத்திருக்கிறது: உரிமம் பெற்ற பயிற்சியாளருக்கு. அதாவது உங்களுக்கு. அந்த வாசலை நீங்கள் ஏப்ரல்வரை பூட்டினால், டிசம்பரில் ஜி2 எடுக்கும் பிள்ளை முதன்முதலாக 401இல் ஏறுவது ஜனவரியில், தனியாக, பனியை உருக்க வீதியில் தூவிய உப்பு நீர் தெறித்து முன்கண்ணாடி வெளுத்திருக்கும்போது. ஜி2 சோதனையில் ஹைவே கேட்கமாட்டார்கள் என்பது உண்மை. அது சோதனையாளருடைய அளவுகோல். உங்களுடையதும் அதுதானா?

முன்பு ஹைவே ஏறாமலும் பிழைப்பு நடந்தது. ஸ்காபரோவின் மார்க்கம் வீதியிலும் எல்ஸ்மியரிலும் பஸ் ஓடுகிறது. இப்போது வீட்டு விலை துரத்தி நம்மவர்கள் ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா, போமன்வில் என்று கிழக்கே போய்விட்டார்கள், வடக்கே பாரிவரை போனவர்களும் உண்டு. வேலை மட்டும் ஸ்காபரோவிலேயே இருக்கிறது. முதியோர் இல்லத்தில் காலை ஏழு மணி வேலைக்கு நிற்க வேண்டிய பெண், உப்பு வண்டி வரும்வரை வீட்டில் இருக்க முடியாது.

பத்து மணித்தியால வீதிப் பயிற்சியில் என்ன நடக்கிறது என்பதையும் கேள்விப்படுகிறேன். பள்ளிப் பாடத்திட்டம் நாற்பது மணித்தியாலம், அதில் இருபது வகுப்பறைக்கு, பத்து வீதிக்கு. அந்தப் பத்தில் பெரும்பகுதி சமாந்தரத் தரிப்புக்கும், மூன்று புள்ளித் திருப்பத்துக்கும், சோதனை மையத்தைச் சுற்றியுள்ள வீதிகளைப் பாடமாக்குவதற்கும் போகிறது. "இந்த மரத்தடியில சிக்னல் போடு, அந்த ஸ்கூலடியில நாற்பதுக்குக் குறை." வெளியூரான லின்சேயின் சோதனை மையத்தில் நெரிசல் குறைவு, சித்தியடைவது சுகம் என்று அங்கே கூட்டிப் போகிறவர்களும் உண்டு. சித்தியடைய வைப்பது உங்கள் தொழிலின் பாதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். சித்தி வீதம்தானே உங்களுக்கு விளம்பரம். ஆனால் தாய்தகப்பன் உங்களிடம் காசு கட்டும்போது, பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியவேண்டும் என்றுதான் கட்டுகிறார்கள். மரத்தடியை நினைவில் வைப்பதற்கு இல்லை.

"பனியில் கூட்டிக்கொண்டு போய் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உறைமழை பெய்யும் நாளிலோ, பனிப்புயல் எச்சரிக்கை இருக்கும் நாளிலோ, சோதனை மையமே சோதனையை ஒத்திவைக்கும் நாளிலோ போகச் சொல்லவில்லை. அப்படியான நாட்களில் வீட்டில் இருப்பதும் ஒரு பாடந்தான். நான் கேட்பது மற்ற நாட்களை: நாலைந்து சென்ரிமீற்றர் விழுந்து ஓய்ந்த பிற்பகல், பிரதான வீதி வழித்து உள்வீதி வழிக்கப்படாத மறுநாள் காலை. இந்த நகரத்துப் பனிக்காலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். உங்கள் காரில் உங்கள் காலடியில் இரண்டாவது பிறேக் இருக்கிறது. ஜனவரியில் அந்தப் பிள்ளை ஓட்டும் காரில் அது இருக்காது. ஆபத்து எந்தக் காரில் அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பயிற்சிக் கார்கள் சில எங்களிடம்தான் வருகின்றன. ஜனவரி நடுவிலும் ஓல் சீசன் ரயரோடு ஓடுபவை அவற்றில் இருக்கின்றன. பெயரில் எல்லாப் பருவமும் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகப்போக அந்த இறப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது, பனியே விழாத காய்ந்த வீதியிலும் அப்படித்தான். வின்ரர் ரயரின் இறப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேற்றுக்கும் பனிக்கும் என்று குறிக்கும் வெறும் எம் பிளஸ் எஸ் எழுத்துப் போதாது. தவாளிப்பு 4 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்த ரயர் பனிக்கு உதவாது. அயல் மாகாணமான கியூபெக்கில் வின்ரர் ரயர் போடுவது 2008 முதல் சட்டம், இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்குக் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் வின்ரர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். இந்தக் கழிவைப் பற்றிக் கேட்டால், உங்களிடம் பழகியவர்களில் பலருக்குத் தெரியவில்லை. நாலு சக்கர இழுவை உள்ள எஸ்யூவிக்கு வின்ரர் ரயர் தேவையில்லை என்று "மாஸ்ரர் சொன்னவர்" என்கிறார்கள். நாலு சக்கர இழுவை புறப்படத்தான் உதவும். நிற்பதற்கு எல்லாக் காருக்கும் நாலு பிறேக்தான், நாலு ரயர்தான்.

விளக்கு விஷயம் வகுப்பறையிலேயே சொல்லி முடிக்கக்கூடியது, அதுவும் நடப்பதில்லை. 1989 டிசம்பருக்குப் பிறகு கனடாவுக்காகச் செய்த கார்களில் பகல் விளக்கு தானாக எரியும். முன்னால் வெளிச்சம் தெரியும், டாஷ்போர்டும் ஒளிரும், ஓட்டுபவர் எல்லா விளக்கும் எரிகிறது என்று நினைப்பார். பின்விளக்கு எரியாது. பனித்தூளை வாரியிறைத்தபடி ஓடும் காரைப் பின்னால் வரும் லொறிக்காரர் கண்டுகொள்வது எதைக்கொண்டு? 2021 செப்டெம்பருக்குப் பின் தயாரான வாகனங்களில் இதற்கு விதி வந்துவிட்டது. ஆனால் புதிதாய் லைசன்ஸ் எடுத்தவர் வாங்குவது பத்து வருடப் பழைய கார்தானே. 150 மீற்றருக்கு அப்பால் தெளிவாகத் தெரியாவிட்டால் பகலிலும் முன்பின் விளக்குகளைப் போட வேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டமே சொல்கிறது. சுவிட்சைக் கையால் திருப்ப வேண்டும் என்று ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

400ஆம் நெடுஞ்சாலையில் பாரிப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஜோர்ஜியன் குடாவின் உறையாத நீருக்கு மேலால் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டும். ரொறன்ரோவில் வெயில் எறிக்கும், ஒரு மணித்தியாலம் வடக்கே போனால் போனட் நுனி தெரியாது. 2014 பெப்ரவரியில் இன்னிஸ்பில் அருகே தொண்ணூறுக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று மோதியது அப்படியான ஒரு வெண்மறைப்பில்தான். அதற்குள் அகப்பட்டால் நடு லேனில் நிறுத்தக்கூடாது, குரூஸ் கொன்றோல் போடக்கூடாது, விளக்கைப் போட்டு மெல்ல மெல்ல அடுத்த வெளியேற்றத்தில் இறங்கிவிட வேண்டும். நீல விளக்கு மினுக்கும் பனி வழிக்கும் வண்டிகளுக்கு இடையால் புகுந்து முந்தக்கூடாது. இவை எல்லாம் அரசாங்கத்தின் ஓட்டுநர் கையேட்டில் பனிக்காலப் பகுதியில் இருக்கின்றன. ஜி1 எழுத்துச் சோதனைக்கு மட்டும் வாசித்துவிட்டு மறந்துபோகும் பகுதி அது.

இடையில் ஒரு விஷயம், உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை என்றாலும் தாய்மார் உங்களிடம்தான் கேட்பார்கள்: குழந்தைக்குத் தடித்த பனிச்சட்டையைப் போட்டபடி கார் இருக்கைப் பட்டியைக் கட்டக்கூடாது. மோதும்போது சட்டை நசிந்து பட்டி தளர்ந்துவிடும். சட்டையைக் கழற்றிக் கட்டிவிட்டு மேலால் போர்த்தச் சொல்லுங்கள்.

கனடாவில் மட்டுந்தானா பனி? ஒஸ்லோவில் இருக்கும் உங்கள் உறவினரைக் கேட்டுப்பாருங்கள். நோர்வேயில் வழுக்கும் தளத்தில் ஓட்டிப் பழகாமல் லைசன்ஸ் கிடையாது. சுவீடனிலும் அதே கட்டாயம், பின்லாந்திலும் வழுக்கும் நிலைமைக்கான பயிற்சி லைசன்ஸ் படிப்பின் பகுதிதான். அங்கே அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே அரசு உங்கள் கையில் விட்டிருக்கிறது. சட்டம் கேட்கவில்லை என்பதைக் காரணமாக்கி நீங்கள் விலகிக்கொள்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள். முதலாவதாக, பனி நாளில் வகுப்பில்லை என்ற பொது அறிவித்தலைத் திரும்பப் பெறுங்கள். உறைமழை, பனிப்புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் மட்டும் ஒத்திவையுங்கள். அடுத்தது, பத்து மணித்தியாலத்தில் ஒன்றையாவது பனி கிடக்கும் தரையில் கொடுங்கள். உரியவரிடம் அனுமதி பெற்ற ஒரு வெற்றுத் தரிப்பிடம் போதும்: ஏபிஎஸ் உதறும்வரை மிதிக்க வைத்து, சறுக்கும்போது கண்ணையும் ஸ்ரியரிங்கையும் போக வேண்டிய பக்கம் வைத்திருக்கப் பழக்குங்கள். கோடையில் சித்தியடைந்தவர்களை டிசம்பரிலோ ஜனவரியிலோ அந்த ஒரு மணித்தியாலத்துக்குத் திருப்பி அழையுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஜி2 சோதனைக்கு முன்னர் ஒவ்வொருவரையும் ஒரு தடவையாவது 401இல் ஏற்றி இறக்குங்கள், ஏப்ரலுக்குத் தள்ளாதீர்கள். பயிற்சிக் கார்கள் எல்லாவற்றுக்கும் டிசம்பர் 1க்குள் வின்ரர் ரயர் போடுங்கள். வகுப்பறையில் விளக்கு, ரயர், கூரைப் பனியை வழித்துவிட்டுப் புறப்படுவது ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளாகக் கொடுங்கள். தாளை எழுதித் தர நான் தயார். தேய்ந்த ரயரும் புது ரயருமாக எடுத்துக்கொண்டு உங்கள் வகுப்பறைக்கு வந்து காட்டவும் தயார், காசு வேண்டாம்.

டிசம்பர் 15க்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பனியில் பழக்குவோம் என்று சொல்லும் பள்ளிகளின் பெயரை எழுதி, முதலாளியின் சம்மதத்தோடு, எங்கள் கராஜின் முன்மேசையில் வைப்பேன். ரயர் மாற்ற வருகிறவர்கள் "பிள்ளைக்கு நல்ல மாஸ்ரர் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்பது வழக்கம். இனிமேல் அந்தத் தாளைத்தான் கையில் கொடுப்பேன். உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டுமா என்பதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு கராஜ் தொழிலாளி